பொத்தான் அறுந்த கதை

நேயர்களுக்கு வணக்கம். பங்காளிச் சண்டை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரப்பில் ஆரம்பித்துக் கல்யாணப் பந்தி வரைக்கும் வரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அயர்லாந்தின் அரசியலும் பெரும்பாலும் அதுதான். மூத்த மகனுக்கே பட்டம் என்ற வழக்கம் அங்கே இல்லை. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்த ஆண்களில் யாரும் அரியணை கேட்கலாம். கேட்காமல் இருப்பார்களா?

தாராவின் அரசன் என்பதுதான் அங்கே உச்சப் பட்டம். அதை ஈ நேல் என்ற ஒரே குலத்தின் இரண்டு கிளைகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய முறைவைத்து ஆண்டுவந்தன. 1002-இல் அதை உடைத்தவன் பிரையன் போரு, தெற்கே மன்ஸ்டரைச் சேர்ந்தவன். பட்டத்தை இழந்தவன் மெல் ஷெக்நல். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

1014 ஏப்ரல் 23, புனித வெள்ளி. டப்ளினை ஒட்டிய குளோன்டார்ஃபில் பெரும்போர். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளைப் பிரையன் விரட்டிய போர் என்பார்கள். எனக்கு அதில்தான் வழக்கு. கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் எதிரணியில் இருந்தது உண்மை. ஆனால் அவர்களை அழைத்தது யார்? டப்ளின் அரசன் சிட்ரிக். பிரையனின் மகளைக் கட்டியவன். சிட்ரிக்கின் தாய் கோர்ம்லாவோ பிரையனின் மனைவி. அவளோடு பிறந்தவன் லென்ஸ்டர் அரசன் மெல் மோர்தா, அவனும் எதிரணி. ஆக மாப்பிள்ளையும் மைத்துனனும்!

மெல் மோர்தா ஏன் முறைத்துக்கொண்டான்? பிரையனின் கொள்ளுப்பேரன் காலத்தில் அந்தக் குலத்தின் பெருமைக்காக எழுதப்பட்ட கதை ஒன்று உண்டு. அப்படியே நம்பிவிடக் கூடாது, ஆனாலும் எனக்குப் பிடித்த கதை. பிரையனுக்குக் கப்பமாகப் பாய்மரத்துக்கான பைன் மரங்கள் போகின்றன. சேற்று மேட்டில் யார் முன்னே போவது என்று தூக்கியவர்களுக்குள் தகராறு. மெல் மோர்தாவே ஒரு மரத்துக்குத் தோள் கொடுக்கிறான். பிரையன் கொடுத்த பட்டுச் சட்டையின் வெள்ளிப் பொத்தான் தெறித்துவிடுகிறது. அரண்மனை சேர்ந்ததும், "தைத்துக் கொடு" என்று கோர்ம்லாவிடம் நீட்டுகிறான். அவள் அதைத் தீயில் எறிகிறாள். நம் அப்பன் பாட்டன் யாருக்கும் இப்படி ஊழியம் செய்ததில்லையே என்று குத்திக்காட்டுகிறாள்.

மறுநாள் பிரையனின் மகன் முர்கா பலகையில் காய் ஆடுகிறான். மெல் மோர்தா எதிராளிக்கு ஒரு நகர்த்தலைச் சொல்லிக்கொடுக்க, முர்கா தோற்கிறான். "கிளென்மாமாவில் வைக்கிங்குகளுக்கு யோசனை சொன்னவனும் நீதானே, அவர்கள் தோற்றார்கள்" என்கிறான். "மறுபடி சொல்வேன், இந்தமுறை தோற்க மாட்டார்கள்." "அப்படியானால் ஒளிந்துகொள்ள ஒரு யூ மரத்தையும் பார்த்து வைத்துக்கொள்!" கிளென்மாமா, முன்பு பிரையனிடம் அவர்கள் தோற்ற போர்க்களம். அந்தத் தோல்விக்குப் பிறகு மெல் மோர்தாவை யூ மரத்திலிருந்து இழுத்து இறக்கியவனே முர்காதான். விடைகூடச் சொல்லாமல் மெல் மோர்தா கிளம்பிவிடுகிறான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம்தான். போரில் பிரையன், முர்கா, முர்காவின் மகன் என மூன்று தலைமுறையும் ஒரே நாளில் மாண்டது. மெல் மோர்தாவும் மாண்டான். சிட்ரிக் பிழைத்து 1036 வரை டப்ளினை ஆண்டான். மெல் ஷெக்நலைப் பற்றிப் பேசத்தான் வந்தேன், பொத்தான் நேரத்தைத் தின்றுவிட்டது. விட்டுக்கொடுத்த பட்டத்தை அவனே திரும்ப எடுத்துக்கொண்டு 1022-இல் சாகும்வரை ஆண்டான். வணக்கம்.