உள்ளே போன மருந்து ஏன் தங்குவதில்லை?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து நரம்பில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் நிறம் மறக்காது. அப்படி ஒரு சிவப்பு. தகுந்த ஒளி பட்டால் அது தானாகவே ஒளிரும். அதனால் செல்லுக்குள் மருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மருந்துக்குக் கட்டுப்படுகிற செல்லில் உட்கரு செக்கச்செவேலென்று தெரியும். பக்கத்துத் தட்டில், மருந்துக்கு மசியாத செல்லில், உட்கரு இருண்டே கிடக்கும். இரண்டுக்கும் ஊற்றியது ஒரே அளவு மருந்துதான். இரண்டாவது செல் அதை உள்ளே தங்க விடவில்லை.

இந்த வேலையைச் செய்யும் புரதத்தை 1976இல் ஜூலியானோவும் லிங்கும் அடையாளம் கண்டார்கள். பி-கிளைக்கோபுரதம் என்று பெயர். செல்லின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு, செல்லின் ஆற்றலைச் செலவழித்து, உள்ளே வரும் மருந்தை வெளியே இறைக்கிற பம்பு அது. மருந்தை எதிர்க்கப் புற்றுசெல்லுக்கு வேறு வழிகளும் உண்டு. சிதைந்த மரபணுவைச் சரிசெய்துகொள்ளும், சாகச் சொல்லும் கட்டளையைக் காதில் வாங்காது. இன்று பம்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்தப் பம்பு ஆள் பார்ப்பதில்லை. நித்தியகல்யாணிச் செடி தந்த வின்கிரிஸ்டினையும் இறைக்கும், பசிபிக் யூ மரத்தின் பட்டை தந்த பாக்லிடாக்சலையும் இறைக்கும். செடிகொடிகள் தந்த மருந்தைத் துரத்துகிற பம்பை அடைக்க, மறுபடியும் செடிகொடிகளிடமே போய் நிற்கிறோம். மஞ்சளின் குர்குமின், மிளகின் பைப்பரின், பல தாவரங்களில் இருக்கும் குவெர்செட்டின் எல்லாம் ஆய்வகத் தட்டில் அந்தப் பம்பைத் தடுக்கின்றன. இருண்டு கிடந்த உட்கரு மெல்லச் சிவப்பதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. அந்த மகிழ்ச்சியில்தான் பலரும் அவசரப்பட்டுவிடுகிறார்கள்.

ஏனென்றால் அந்தப் பம்பு புற்றுக்கட்டிக்கு மட்டும் சொந்தமானதல்ல. நம் குடலில், கல்லீரலில், சிறுநீரகத்தில், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களின் சுவரில் எல்லாம் அது காவல் நிற்கிறது. 1981இல் ரத்த அழுத்த மருந்தான வெரபமில் இந்த எதிர்ப்பை உடைக்கும் என்று தெரிந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் தேவைப்பட்ட அளவை இதயம் தாங்காது. பம்பை அடைக்கவென்றே பின்னால் வந்த வால்ஸ்போடார் என்ற மருந்து, கீமோ மருந்து உடலைவிட்டு வெளியேறுவதையே தாமதப்படுத்தியது. நஞ்சு கூடியது, கீமோவின் அளவைக் குறைக்க வேண்டி வந்தது, பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

தாவரப் பொருளுக்கும் இதே கணக்குதான். குர்குமினை விழுங்கினால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் அது 20 மடங்கு கூடியது என்று 1998இல் வந்த ஆய்வை எல்லோரும் நல்ல செய்தியாகச் சொல்கிறார்கள். எப்படிக் கூடியது என்று கேளுங்கள். குர்குமினை மாற்றி வெளியேற்றுகிற உடலின் வேலையைப் பைப்பரின் மந்தமாக்கியது. டோசிடாக்சல் போன்ற புற்றுநோய் மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும் பைப்பரின் தடுப்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். மருத்துவர் எடையும் உயரமும் பார்த்துக் கணக்கிட்ட அளவு, ஒரு மாத்திரையால் உடலுக்குள் வேறு அளவாகிவிட்டால் என்ன ஆகும்?

நேர்மாறாகவும் நடக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை உட்கொண்டவர்களுக்கு, இரினோடெக்கன் என்ற புற்றுநோய் மருந்தின் வீரியமான வடிவம் ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்ததை 2002இல் பதிவு செய்தார்கள். போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தைப் பச்சைத் தேயிலையில் உள்ள பாலிஃபீனால் என்ற தாவரப் பொருள் பிடித்துக் கட்டிப்போட்டு, எலிகளில் பலனில்லாமல் செய்தது 2009இல் வெளியானது.

நம்பிக்கை இழக்கச் சொல்லவில்லை. போடோஃபில்லோடாக்சின் என்ற தாவர நஞ்சை வேதியியலாளர்கள் செதுக்கிச் செதுக்கித்தான் எட்டோபோசைடு என்ற மருந்தை எடுத்தார்கள். குர்குமினையும் அப்படித் திருத்திப் பார்க்கிறார்கள். நுண்துகள்களில் ஏற்றிக் கட்டிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கவும் முயல்கிறார்கள். பொறுமையாக, மனிதர்களிடம், அளவோடு சோதிக்க வேண்டிய வேலை அது.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். கீமோ எடுக்கும் உங்கள் அம்மாவோ அண்ணனோ தலைமாட்டில் ஒரு மூலிகை மாத்திரை டப்பா வைத்திருக்கலாம். மருத்துவர் திட்டுவார் என்று பயந்து அதை மறைக்க வேண்டாம். அடுத்த சுற்றுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போய் மேசைமேல் வையுங்கள். மேலே ஒட்டியிருப்பதை அவர் படித்துப் பார்க்கட்டும்.