சார்லட் என்றொரு பெயர்

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கேட்ட புத்தகத்தையெல்லாம் தேடித் தந்த நூலகர் அவர்களே, இந்த வெயிலிலும் எனக்குப் பொன்னாடை போர்த்திய மருந்துக்கடை அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் செவிலியர் சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், சாப்பாட்டுப் பந்தியில் சரிசெய்துகொள்ளலாம்.

சார்லட் என்ற பெயரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகப் பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர். நான்கு அரச குடும்பத்துப் பெண்களைச் சொல்லப் போகிறேன்: ஒரு ராணி, அவர் பேத்தி, மெக்சிகோவுக்குப் பேரரசியாகப் போனவர், லக்சம்பர்க்கை ஆண்டவர்.

முதலாமவர் ஜெர்மனியில் ஒரு சின்ன அரசிலிருந்து 1761-இல் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கு மனைவியாக லண்டன் வந்தவர். அமெரிக்காவில் இருக்கும் சார்லட் நகரத்துக்கு இவர் பெயர்தான். பிள்ளைகள் 15. பெண்ணுக்குப் பிரசவம் மறுபிறவி என்று எங்கள் ஆத்தா சொல்லும். அந்தக் கணக்கில் இந்த அம்மா பதினைந்து தடவை செத்துப் பிழைத்திருக்கிறார்.

பேத்தி அப்படிப் பிழைக்கவில்லை. அப்பா, அம்மா பிரிந்து வாழ்ந்த வீட்டில் ஒற்றைப் பிள்ளை, டச்சு இளவரசரைக் கட்டிக்கொள்ள முடியாது என்று துணிந்து சொன்னவர், 1816-இல் மனதுக்குப் பிடித்த ஜெர்மன் இளவரசர் லியோபோல்டை மணந்தார். அடுத்த வருடமே முழுகாமல் இருந்தார். பார்த்த மருத்துவர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட் சாப்பாட்டைக் குறைத்தார், உடம்பிலிருந்து ரத்தமும் எடுத்தார், அந்தக் கால வைத்தியம் அது. நவம்பர் 3-ஆம் தேதி வலி எடுத்தது. ஒரு நாள், இரண்டு நாள், சுமார் 50 மணி நேரம்! ஆயுதம் போட்டு எடுக்கும் வழக்கம் அப்போதே உண்டு, ஆனால் போடவில்லை, காத்திருந்தார்கள். 5-ஆம் தேதி இரவு ஆண் குழந்தை, உயிர் இல்லாமல். சில மணி நேரத்தில் தாயும் போய்விட்டார், வயது 21. துக்கத்துக்குக் கட்டக் கடைகளில் கறுப்புத் துணி கிடைக்கவில்லையாம். மூன்று மாதம் கழித்து அந்த மருத்துவர் தன்னையே சுட்டுக்கொண்டார்.

ராஜாவுக்கு முறைப்படி வேறு பேரப்பிள்ளையே இல்லை. மணமாகாத சித்தப்பாக்கள் அவசரம் அவசரமாகப் பெண் தேடினார்கள். அதில் ஒரு கல்யாணத்தில் 1819-இல் பிறந்தவர்தான் விக்டோரியா. சேப்பாக்கத்தில் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

மற்ற இருவரில் மெக்சிகோ சார்லட், லியோபோல்டின் மகள். செத்துப்போன முதல் மனைவி நினைவாக இரண்டாவது மனைவியின் பிள்ளைக்கு வைத்த பெயர். லக்சம்பர்க் சார்லட் 1919 முதல் 1964 வரை ஆண்டார். இதற்கு மேல் நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார்.

ஆனால் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். அரண்மனையில், சுற்றிலும் மருத்துவர்கள் இருந்தபோதே அந்தப் பெண் போனாள். நம் ஊரில் ராத்திரி வலி எடுத்தால் மருத்துவரே இல்லை, 108-ஐக் கூப்பிட்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறோம். பிரசவம் மறுபிறவி, சரி, அந்தப் பிறவிக்கு ராத்திரி லீவா என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரவு மருத்துவர் வேண்டும் என்று மனு எழுதி வாசலில் மேசை மேல் வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. பேரூராட்சித் தலைவர் அம்மா, முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள், மற்றவர்கள் வரிசையில் வாருங்கள்.