ஐஸ்லாந்து: கூரைக்கு அடியில் விளைந்த கால்பந்து

அவையோருக்கு வணக்கம்.

2016 ஜூன் 27 அன்று, ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துத் தொடரான யூரோ கோப்பையில் ஐஸ்லாந்து இங்கிலாந்தை 2-1 என வென்றது. சுமார் 3,30,000 பேர் வாழும் தீவு அது. பார்த்தவர்கள் அதிசயம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதிசயம் என்று சொல்லிவிட்டால், அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டு உழைப்பு கணக்கில் வராமல் போய்விடும்.

அங்கே புல்தரையில் ஆட முடிவது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரைதான். மற்ற மாதங்களில் பனி, காற்று, இருட்டு. முன்பெல்லாம் பிள்ளைகள் சரளைத் தரையில் ஆடினார்கள். 2000-இல் கெஃப்லாவிக் பகுதியில் ஒரு முழு அளவு மைதானத்தையே கூரை போட்டு மூடி, உள்ளே செயற்கைப் புல் விரித்தார்கள். பிறகு மற்ற ஊர்களிலும் கூடங்கள் எழுந்தன. பள்ளிகளை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட சிறு செயற்கைப்புல் தளங்களும் வந்தன.

கூடங்களைவிடப் பெரியது பயிற்சியாளர் விஷயம். பல நாடுகளில் ஆறு வயதுப் பிள்ளைகளை, நேரம் கிடைக்கும் அப்பா யாராவது பார்த்துக்கொள்வார். ஐஸ்லாந்தில் அந்த வயதிலேயே சம்பளம் வாங்கும், ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனத்தின் உரிமம் பெற்ற பயிற்சியாளர் நிற்கிறார். பந்தை நிறுத்துவதும் கடத்துவதும் அந்த வயதில் தப்பாகப் பழகிவிட்டால், பின்னால் திருத்துவது பெரும்பாடு.

இனி ஆட்டத்துக்கு வருவோம். அணியின் பயிற்சியாளர்கள் லார்ஸ் லாகர்பேக்கும் ஹெய்மிர் ஹால்கிரிம்சனும் எளிய 4-4-2 அமைப்பில் (தடுப்பில் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்) அணியை நிறுத்தினார்கள். அதில் ஒரே ஒரு உத்தியைப் பாருங்கள்.

கேப்டன் ஆரோன் குன்னார்சன் சிறுவயதில், பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஹேண்ட்பாலும் ஆடியவர். பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனதும் அவர் கையால் எறியும் த்ரோ-இன், கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்குள்ளேயே போய் விழும். சக வீரர் காரி ஆர்னசன் எழும்பி அதைத் தலையால் பின்பக்கம் தட்டிவிடுவார். த்ரோ-இன்னை நேரடியாக வாங்குபவருக்கு ஆஃப்சைடு, அதாவது பந்தையும் எதிரணித் தடுப்பாளர்களையும் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கும் தவறு, கிடையாது; ஆனால் அவர் தட்டிய கணமே அந்த விதி உயிர்பெற்றுவிடும். ஆகவே அடுத்தவர் முன்கூட்டியே போய் கோல் வாயிலில் காத்திருந்தால் மாட்டிக்கொள்ளக்கூடும். தட்டும் நேரத்தில் பந்துக்குப் பின்னால் இருந்து, அங்கிருந்து பாய வேண்டும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் காரியம் கெட்டது.

ஜூன் 22 அன்று ஆஸ்திரியாவுக்கு எதிராக இதே முறையில் யோன் டாடி பொத்வார்சன் கோல் அடித்தார். ஐந்தே நாள் கழித்து, இங்கிலாந்துக்கு எதிராக ஆறாவது நிமிடத்தில், அதே எறிதல், அதே தட்டல். இங்கிலாந்தின் தடுப்பாளர் கைல் வாக்கரை முந்தி ஓடிவந்த ராக்னர் சிகுர்ட்சன் பந்தை வலைக்குள் தள்ளினார். இங்கிலாந்துக்கு இது தெரியாத உத்தி அல்ல. தடுப்பவர்கள் பந்தைப் பார்த்தார்கள், ஓடிவந்தவரை விட்டுவிட்டார்கள்.

இந்த அணியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன. அந்தத் தொடரின் ஐந்து ஆட்டங்களையும் ஐஸ்லாந்து அதே பதினொரு பேரோடுதான் தொடங்கியது. ஒருவர் அசைவை மற்றவர் அறிந்திருந்தது அதனால் கிடைத்த லாபம். காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக இடைவேளைக்குள் நான்கு கோல் வாங்கி, 5-2 எனத் தோற்றார்கள். களைப்புக்கும் அதில் பங்குண்டு என்பது என் கணிப்பு.

2018-இல் உலகக் கோப்பைக்கும் போனார்கள். அர்ஜென்டினாவோடு 1-1 சமன், மெஸ்ஸியின் பெனால்டியை கோல்கீப்பர் ஹன்னெஸ் ஹால்டோர்சன் தடுத்தார். 2020 நவம்பரில் புடாபெஸ்டில், அடுத்த யூரோவுக்கான தகுதி ஆட்டத்தில், 88-ஆவது நிமிடம் வரை 1-0 என முன்னிலை. கடைசியில் ஹங்கேரி 2-1 என வென்றது. அன்றும் களத்தில் பெரும்பாலும் அதே தலைமுறைதான், நான்கு வயது கூடியிருந்தது.