ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

(பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை ஏதோ பெரிய ஆராய்ச்சியாளர் போலக் காட்டிவிட்ட செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லி முடித்துவிட்ட மகப்பேறு மருத்துவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, இளைஞர்களே, தலைப்பைப் பார்த்ததும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலிகளாகத் தேடி உட்கார்ந்திருக்கும் ஆண்களே, எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கித் தம்பியை விட்டுவிட்டால் அவர் என் குரலைக் குறைத்துவிடுவார். அவருக்கும் வணக்கம்.

நான் மருத்துவன் அல்ல. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன். இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். பெண்களுக்கு வரும் தொல்லைகள் ஒன்று. ஆண்களுக்கு வருபவை இரண்டு. வயதுக்கு வரும் பிள்ளைகளிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்பது மூன்று.

முதலில் பெண்கள். மாதவிடாயின்போது வலி வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "பொறுத்துக்கோ, கல்யாணமானா சரியாயிடும்." சரியாகாத வலி இருக்கிறது, அய்யா. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். கருப்பையின் உள்வரியில் இருப்பது போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலை ஒட்டியும் வளர்கிறது. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உண்டு. "பொறுத்துக்கோ" என்று சொல்லிச் சொல்லியே, நோய் இன்னதென்று தெரியவரப் பல வருடங்கள் ஆகிவிடுகின்றன. பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் சுருண்டு படுக்க வைக்கிற வலி சாதாரண வலி அல்ல.

அடுத்து நீர்க்கட்டி. ஸ்கேனில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வீடே அழுகிறது. அவை கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நிபுணர்கள் கூடி, பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்தக் கோளாறுக்கு ஒரு வரையறை செய்தார்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போவது, ஆண் ஹார்மோன் மிகுவது, ஸ்கேனில் அப்படித் தெரிவது என்கிற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மற்ற நோய்கள் இல்லையென்றும் பார்த்திருக்க வேண்டும். ஆகவே ஸ்கேன் தாளை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அழ வேண்டாம்.

மணிக்கொரு நாப்கின் நனைகிற அளவு ரத்தப்போக்கு, ஏழு நாளைத் தாண்டும் போக்கு என்றால், நார்த்திசுக் கட்டியா, தைராய்டா, ரத்தசோகை எந்த அளவு என்று பார்க்க வேண்டும். உறவுக்குப் பின்னாலோ, மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின்னாலோ ரத்தம் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ்தான் காரணம் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று, தடுப்பூசியும் வந்தாயிற்று. அம்மையார் இதை விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் நகர்கிறேன்.

ஆண்களுக்கு வருகிறேன். நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்கிறது. உட்காருங்கள். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தார்கள். ஆனால் குழந்தை இல்லையென்றால் மட்டும் ஒரு கையைத்தான் பிடித்துத் திருகுகிறோம்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. பெயரும் ஊரும் வேண்டாம். மருமகள் கையில் இத்தனை தடிமனாக ஒரு கோப்பு. ஹார்மோன் சோதனை ஆயிற்று, கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தாயிற்று, வயிற்றில் துளைபோட்டு உள்ளேயும் பார்த்தாயிற்று. எல்லாமே சரியாக இருக்கிறது. கோப்பு முழுக்கப் புரட்டினேன், கணவன் பெயரில் ஒரு தாள் இல்லை. "மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், மாமியார் எழுந்துவிட்டார். "என் மகனுக்குச் சோதனையா? அவன் தோளைப் பாருங்க, நெஞ்சைப் பாருங்க!" பார்த்தேன். மலை மாதிரிதான் இருந்தார். தினமும் ஜிம்முக்குப் போகிறவராம். "அம்மா, நான் தோளைச் சோதிக்கிற ஆள் இல்லை" என்று சொல்லி, விந்து மாதிரிக்கான டப்பாவை நீட்டினேன். அவர் முறைத்தார். மகனோ சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதுவரை மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த மாமனார் கைத்தடியை ஊன்றி எழுந்தார். மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அவன் கூச்சப்படுறான் சார். ஒரு டப்பா எனக்கும் குடுங்க, துணைக்கு நானும் வரேன்" என்றார்! கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்த மருமகளும் சிரித்தது. மகன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒரு விந்தணுகூட இல்லை. மையநீக்கி இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படிந்ததையும் பார்த்தேன். இல்லை. மறுசோதனையிலும் இல்லை. மருத்துவர் தனியே கூப்பிட்டு விசாரித்ததும் விஷயம் வெளியே வந்தது. உடம்பு ஏற ஜிம்மில் யாரோ சொல்லி, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், மூளை "போதுமான அளவு இருக்கிறது" என்று எண்ணி விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவிடும். தோள் பெருக்கும், விந்தணு வற்றிவிடும். ஊசியை நிறுத்தி, சிகிச்சையும் தொடர்ந்தபின், மாதங்கள் கழித்து அணுக்கள் திரும்பி வந்தன. பெரும்பாலோருக்கு வரும், எல்லோருக்கும் வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. குற்றமே செய்யாத அந்தப் பெண்ணின் வயிற்றில் துளைபோட்டார்களே, அதை யார் திருப்பித் தருவது?

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார். அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. விரைப்பையில் நரம்பு புடைப்பதைப்போல ரத்தக் குழாய் புடைக்கும் வெரிகோசில் ஒரு காரணம். பெரும்பாலும் அறிகுறியே காட்டாத, உறவின்மூலம் பரவும் கிளமிடியா தொற்று இன்னொன்று. கணவனிடமிருந்து போய் மனைவியின் கருக்குழாயையும் அடைத்துவிடக்கூடும். தாம்பத்தியத்தில் குறையில்லை, ஆகவே எனக்குக் குறையில்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு சங்கதிகள்.

இடையில் ஒன்று. திடீரென்று ஒரு பக்க விரையில் தாங்க முடியாத வலி வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விறைப்புக் குறைபாட்டையும் போலி மாத்திரைக்காரரிடம் கொண்டுபோகாதீர்கள். அந்த ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சின்னவை. அடைப்பு முதலில் அங்கே தெரியலாம்.

இப்போது என் பழைய வழக்கு. 1677-இல் லீவன்ஹூக் என்ற டச்சுத் துணிவணிகர், தன் விந்தையே கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்து, இலண்டன் அறிவியல் கழகத்துக்குக் கூச்சத்தோடு எழுதினார். பாலூட்டியின் சினைமுட்டையை வான் பேர் என்ற அறிஞர் பார்த்ததோ 1827-இல்தான். ஆணின் அணுவைப் பார்த்து 150 ஆண்டு கழித்தே முட்டை கண்ணில் பட்டிருக்கிறது! ஆனால் சோதனை என்று வந்தால் வரிசை தலைகீழ். விந்துச் சோதனைக்கு ஊசி கிடையாது, மயக்கமருந்து கிடையாது. இரண்டிலிருந்து ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும், மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர வேண்டும், அவ்வளவுதான். ஒரு தாள் மோசமாக வந்தாலும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகிறது. அதற்கிடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலே எண்ணிக்கை விழும்.

எனவே மேடையில் உள்ள மருத்துவப் பெருமக்களிடம் கேட்கிறேன். ஓராண்டு முயன்றும், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் முயன்றும் கரு நிற்கவில்லை என்று ஒரு தம்பதி வந்தால், முதல் நாளிலேயே இரண்டு பேருக்கும் சீட்டு எழுதுங்கள். கணவனின் அறிக்கை கோப்பில் ஏறாமல் மனைவியின் வயிற்றில் கத்தி வைக்க மாட்டோம் என்று ஒரு விதி செய்யுங்கள். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பது பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. நம் பதிவுச் சீட்டுக்குத் தெரியவில்லை. அதில் இன்னும் நோயாளி என்று ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம்.

தலைவர் மணியைத் தொடுகிறார். பிள்ளைகளைப் பற்றிய மூன்றாவது செய்தி நின்றுபோயிற்று. இன்னொரு கூட்டம் போட்டால் அதற்கென்றே வருகிறேன். இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வெளியே மேசையில் இருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள்தான் முதலில் வெளியேறுவீர்கள், ஆகவே முதல் கையெழுத்தும் உங்களுடையதே. பேனா கொண்டுவராதவர்களுக்கு நானே தருகிறேன். வணக்கம்.