ஐந்து நாள் மாத்திரையும் கிழிக்கும் காலண்டரும்

வணக்கம். என் பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரைக் கொஞ்சம் கவனியுங்கள். உரக்கடையில் இனாமாகக் கொடுத்த தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் உண்டு. அதில் இந்த மாதம் ஐந்து தாள்களின் மூலையில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தேன். இரண்டைக் கிழித்தாகிவிட்டது. மூன்றாவது இன்று இரவு ஒன்பதரை மணிக்குப் பிறகுதான் கிழியும்.

நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் இருந்து பேசுகிறேன். அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அதனால் என் பேச்சு பாடம் நடத்துவது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் தக்காளி மண்டியில் கணக்குப் பார்க்கிறார். சென்ற ஆண்டு ஒரு நாள் மண்டியிலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேனில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. பெங்களூருவில் அறுவை சிகிச்சை. கட்டியின் பெயர் கிளியோபிளாஸ்டோமா, வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய். அறுவை முடிந்த பிறகு எழுதிக் கொடுத்த மருந்துதான் இன்றைக்குப் பேச வந்த விஷயம்: டெமோசோலமைடு. கேப்ஸ்யூல்தான், ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு "பெரிய மாத்திரை" என்று பெயர்.

நான் மருத்துவர் அல்ல. இதில் வரும் அளவுகள் என் கணவருடைய உயரத்துக்கும் எடைக்கும் போட்ட கணக்கு. உங்கள் வீட்டு நோயாளிக்கு அது பொருந்தாது.

எங்கள் வீட்டில் நடந்த குழப்பத்துக்கு வருகிறேன். என் மாமியாருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதம் தவறாமல் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தை நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அத்தையின் மனத்தில் மாத்திரை என்றால் ஒரே இலக்கணம்தான்: விடிந்தால் ஒன்று, நாள் தவறாமல். தன் மகனுக்கும் அப்படித்தான் என்று அவர் நினைத்தார். முதல் சுற்றின் ஆறாம் நாள் காலையில் என்னைத் தனியாக அழைத்து, "ஏம்மா, மாத்திரை வாங்கக் காசில்லையா? என் தோட்டை வைத்துக்கொள்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இந்த மருந்தை இரண்டு கட்டமாகக் கொடுக்கிறார்கள். கதிர்வீச்சு நடக்கும் ஆறு வாரமும் குறைந்த அளவில் தினமும். பிறகு ஒரு மாதம் இடைவெளி. அதன் பிறகு 28 நாள் ஒரு சுற்று. அதில் முதல் ஐந்து நாள் மட்டும் மாத்திரை, மீதி 23 நாள் கிடையாது. இப்படி ஆறு சுற்று என்பது வழக்கம். அந்த 23 நாள் ஓய்வு மருத்துவத்தின் ஒரு பகுதி. அந்த நாட்களில் மாத்திரை கொடுத்தால், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் ஊறுவது நின்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதை அத்தைக்கு நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் என் கணவர்தான் மண்டி மொழியில் சொன்னார்: "அம்மா, ஒரு பறி பறித்த செடியை மறுநாளே போய் உலுக்கினால் பிஞ்சும் பூவும்தானே கொட்டும்? அடுத்த பறிக்கு நாள் விட வேண்டாமா?" அத்தை அதற்கப்புறம் தோட்டைப் பற்றிப் பேசவில்லை.

முதல் கட்டத்திலும் ஒரு குழி இருக்கிறது. கதிர்வீச்சு திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனி, ஞாயிறு விடுமுறை. மாத்திரைக்கு விடுமுறை இல்லை, 42 நாளும் உண்டு. முதல் சனிக்கிழமை நான் கொடுக்காமல் விட்டிருப்பேன். பெங்களூரு அறையில் உட்கார்ந்து மருத்துவமனைத் தாளை மறுபடி படித்ததால் தப்பித்தேன்.

அடுத்து, எண்ணிக்கை வேறு, அளவு வேறு. இந்த மருந்து 5, 20, 100, 140, 180, 250 மில்லிகிராம் என்று தனித்தனி கேப்ஸ்யூலாக வருகிறது. உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, இவற்றைக் கூட்டிச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். கதிர்வீச்சு நாட்களில் என் கணவருக்கு 125 மில்லிகிராம்: நூறு ஒன்று, இருபது ஒன்று, ஐந்து ஒன்று, ஆக மூன்று. முதல் சுற்று வந்தபோது 250, ஆனால் ஒரே ஒரு கேப்ஸ்யூல். "மூன்று ஒன்றாகிவிட்டது, நோய் குறைகிறது" என்று தெருவே மகிழ்ந்தது. உண்மையில் மருந்து இரு மடங்காகியிருந்தது! இரண்டாம் சுற்றில் 340 என்று ஏற்றினார்கள்: 140 ஒன்று, நூறு இரண்டு. நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், கம்பெனி மாறினால் நிறமும் மாறும். புட்டியின் மேல் உள்ள எண்ணைப் படித்து, கூட்டிப் பார்த்து, மருத்துவர் எழுதிய எண் வருகிறதா என்று சரிபாருங்கள். அந்தக் கணக்கை எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் செய்கிறாள். நான் இன்னொரு முறை கூட்டுவேன்.

சரி, காலண்டர். முதல் சுற்றில் நான் போட்ட ஏற்பாடு இது: மாத்திரை விழுங்கிய பிறகுதான் அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும். தாள் இருந்தால் கொடுக்கவில்லை, தாள் இல்லையென்றால் கொடுத்தாகிவிட்டது. என்னைப் போல் அறிவாளி யார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தேர்வுப் பணிக்காக நான் சேலத்தில் தங்க வேண்டியதாகிவிட்டது. மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் தாள் இல்லை. நிம்மதியாக இருந்தேன். மாலையில் மகள் தயங்கித் தயங்கி, "அம்மா, நான் நேற்று படித்தபடியே தூங்கிவிட்டேன். அப்பா தானாகச் சாப்பிட்டாரா என்று தெரியவில்லை" என்றாள். அப்படியென்றால் தாளைக் கிழித்தது யார்? அத்தை! நாற்பது வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்து, கோலம் போட்டு, காலண்டர் தாளைக் கிழிப்பவர். அன்றும் கிழித்துவிட்டார். என் கணவரைக் கேட்டால், "சாப்பிட்ட மாதிரிதான் இருக்கிறது" என்கிறார். அறுவைக்குப் பிறகு அவருக்கு நேற்றைய நினைவு கொஞ்சம் நழுவும்.

எண்ணிப் பார்த்தோம். ஐந்து வாங்கினோம், இரண்டு மிச்சம் இருக்க வேண்டும், மூன்று இருந்தன. ஆக, சாப்பிடவில்லை. உடனே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தேன். "இன்று இரவு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். இன்றைய அளவை மட்டும் கொடுங்கள், விட்டுப்போனதை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார்" என்றார் செவிலியர். வாந்தி எடுத்தாலும் இதே விதிதான். உடனே இன்னொன்று கொடுக்கக் கூடாது, தகவல் சொல்ல வேண்டும். அன்று முதல் தாளோடு சேர்த்து எண்ணிக்கையையும் எழுதுகிறோம். அத்தையிடம் சிவப்பு வட்டம் உள்ள தாள்களைக் காட்டி, "இவை மட்டும் என் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறேன். ஏற்றுக்கொண்டார், வருத்தத்தோடுதான்.

கொடுக்கும் முறை. இரவு ஏழு மணிக்குள் சாப்பாடு. ராகிக் களியானாலும் சோறானாலும் ஏழுக்குள். ஒன்பது மணிக்கு வாந்தியைத் தடுக்கும் ஆன்டன்செட்ரான். ஒன்பதரைக்கு, வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். பிறகு படுக்கை. குமட்டல் வந்தாலும் தூக்கத்தில் கடந்துபோகும். சாப்பாட்டோடு கொடுப்பதா, வெறும் வயிற்றிலா என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் நாளுக்கு நாள் மாற்றாதீர்கள். ஆன்டன்செட்ரான் மலச்சிக்கல் தரும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு நான்கு நாள் அவதிப்பட்டார் இவர்.

கேப்ஸ்யூலைத் திறக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். விழுங்கக் கஷ்டப்படுகிறாரே என்று அத்தை ஒருநாள் அதைப் பிரித்துத் தேனில் குழைக்கக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். நல்லவேளை, பார்த்துவிட்டேன். உள்ளே இருப்பது செல்லை அழிக்கும் தூள். மூச்சில் போகக் கூடாது, தோலில், கண்ணில் படக் கூடாது. உடைந்துபோன கேப்ஸ்யூலைப் பார்த்தால் வெறும் கையால் துடைக்காதீர்கள், தூள் மேலே பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். நான் கையுறை போட்டுக்கொண்டு, புட்டியின் மூடியில் கவிழ்த்து, மூடியோடு அவரிடம் நீட்டுகிறேன். கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம். எங்கள் மண்டி வீடு தகரக் கூரை, சித்திரையில் அடுப்பு போலக் கொதிக்கும். அதனால் மாத்திரை இருப்பது ஓட்டு வீட்டின் நடு அறையில், பூட்டிய பெட்டியில். மிஞ்சினால் குப்பையிலோ கிணற்று மேட்டிலோ எறியாமல் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுக்கிறோம்.

இப்போது காய்ச்சல். இரண்டாம் சுற்றின் நான்காவது வாரம், இரவு பதினோரு மணி. உடம்பு அனலாகக் கொதித்தது. 101 டிகிரி. மாத்திரை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று யாருக்கும் தோன்றும். பக்கத்து வீட்டில் பாராசிட்டமால் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்த மருந்தின் குணம் வேறு. ஐந்து நாளில் சாப்பிட்டதற்கு அணுக்கள் நான்காவது வாரத்தில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்த இரவே போனோம். சீட்டைக் காட்டி, "இந்த மருந்து சாப்பிடுகிறார்" என்றதும் ரத்தம் எடுத்தார்கள். தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் ஆயிரத்துக்கும் கீழே. ஐந்து நாள் ஊசி மருந்தோடு படுக்கை. அடுத்த சுற்றைத் தள்ளிவைத்தார்கள், அளவும் மீண்டும் 250 ஆகிவிட்டது. நியூட்ரோபில் 1,500, ரத்தம் உறைய உதவும் தட்டணு ஒரு லட்சம், இந்த இரண்டும் எட்டாமல் அடுத்த சுற்று தொடங்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் 22-ஆம் நாள் ரத்தப் பரிசோதனை. ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி, மூச்சு வாங்கும் வறட்டு இருமல், கண் மஞ்சள், இவற்றுக்கும் காத்திருக்காதீர்கள். தலைவலிக்கு ஆஸ்பிரின் தாங்களாகக் கொடுக்காதீர்கள்.

கூட வரும் மாத்திரைகள் வேறு. வலிப்புக்கான லெவிடிராசிடம் காலண்டர் பார்க்காது, காலை மாலை இரண்டு வேளையும், 365 நாளும். மூளை வீக்கத்துக்கான டெக்ஸாமெத்தசோனைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது. கதிர்வீச்சு நாட்களில் நுரையீரல் தொற்று வராமல் இருக்கக் கோட்ரைமாக்சசோல் வாரம் மூன்று நாள் கொடுத்தார்கள். இதெல்லாம் ஒரே டப்பாவில் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். எங்கள் வீட்டில் பெரிய மாத்திரைக்குத் தனிப் பெட்டி.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் இது. அதனால் நெல்லிச் சாறு, வேர்க் கஷாயம், பெயர் தெரியாத லேகியம் என்று தினம் ஒருவர் வருகிறார். அன்பை மறுக்க முடியவில்லை. ஆனால் இந்த மருந்தால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும், தொடங்கும் முன்பே ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தார்கள். மருத்துவருக்குத் தெரியாமல் ஒரு துளியும் உள்ளே போவதில்லை. ஔவைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, கொடுத்து வைத்தவர்.

என் கணவர் மண்டியிலிருந்து வருவதற்குள் இன்னொன்று சொல்லிவிடுகிறேன், அவருக்கு இந்த எண்கள் பிடிக்காது. 2005-ல் 573 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு வெளிவந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 10.4 சதவீதம். இந்த மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26.5. நான் அந்த இரண்டாவது எண்ணுக்குள்தான் குடித்தனம் நடத்துகிறேன்.

ஓசூரிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார், புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறதாமே, அக்கா, அதை மாமாவுக்குக் கொடுக்கலாமே என்று. அது வோராசிடெனிப். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறுவைக்குப் பிறகு, இரண்டாம் நிலை ஆஸ்ட்ரோசைட்டோமா அல்லது ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்ற மூளைக் கட்டியில் ஐடிஎச் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு, 12 வயது முதல். எங்கள் கட்டி அந்த வகை இல்லை. அது தினமும் விழுங்குவது, முதல் இரண்டு மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை. இரண்டும் மூளைக் கட்டிக்கான மாத்திரை என்றாலும் மருந்துக்கு மருந்து விதி வேறு, தம்பி. இன்னொன்று, நீங்கள் புதிதாகத் திருமணமானவர் என்று சொன்னீர்கள். டெமோசோலமைடு சாப்பிட நேர்ந்தால் ஆண்களுக்குக் கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று மாதமும், பெண்களுக்கு ஆறு மாதமும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். விந்தணுவைச் சேமிப்பது பற்றித் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, வயது காரணமாக இருக்கலாம்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. இவர் ஓட்டக் கூடாது என்பதால் கொழுந்தனார் மகன்தான் கொண்டுவந்து விடுகிறான். களி கிண்ட வேண்டும், மணி ஆறே முக்கால்.

அதோ, அத்தை காலண்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "தாளைக் கிழிக்கட்டுமா?" என்கிறார். இல்லை அத்தை, ஒன்பதரைக்கு!