கைமாற்றும் பேரேடும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், யுத்தத்துக்கு முன்பு பர்மாவில் மோல்மீன் நகரில் ஒரு கடைக்கு ஏஜெண்டாக இருந்தவர். அது என்ன கடை என்று செட்டிநாட்டில் விளக்க வேண்டியதில்லை. மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் அவர் கப்பலேறி ஊர் திரும்புவார். அடுத்தவர் போய் அதே இடத்தில் உட்காருவார். யாரிடம் எவ்வளவு நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து வட்டி என்பதெல்லாம் பேரேட்டில் இருக்கும். ஐந்தொகை, அதாவது வரவு செலவுச் சுருக்கம், நேராகிவிட்டால் ஒப்படைப்பு முடிந்தது. கடை மறுநாளும் திறக்கும்.

என் தொழில் சர்வர்களை, அதாவது நிறுவனங்களின் சேவைகள் ஓடுகிற பொதுக் கணினிகளை, பராமரிப்பது. பல வருடம் சென்னையில் இருந்துவிட்டு, இப்போது பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டில் மேசை போட்டு அதே வேலையைச் செய்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் புதிய மென்பொருளை சர்வரில் ஏற்ற ஒரு தாள் வைத்திருந்தார்கள். அதில் பதினான்கு படிகள். ஒன்பதாவது படியில் 'வழக்கம்போல்' என்று மட்டும் எழுதியிருக்கும். வழக்கம் என்னவென்று மூத்தவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் திருப்பதிக்குப் போனால் எங்களுக்கும் விடுமுறை.

இப்படிக் கையால் செய்வதன் விலை என்ன? 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் அதைத் தெரிந்துகொண்டது. எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போயிற்று. அந்த எட்டாவது சர்வரில் பல வருடம் உறங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, கேட்காத பங்குகளையெல்லாம் வாங்கவும் விற்கவும் தொடங்கியது. முக்கால் மணி நேரத்தில் நட்டம் 40 கோடி டாலருக்கு மேல். ஏற்றியதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. பார்க்க வேண்டும் என்ற எழுத்து விதியும் இல்லை.

இந்த இடத்துக்குத்தான் ஸ்கிரிப்ட் வருகிறது. கையால் தட்டுகிற கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, கணினியையே செய்யவைப்பது. கேட்க எளிது. எளிது என்று நினைத்துத்தான் நானும் அகப்பட்டுக்கொண்டேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு வாடிக்கையாளர்களுக்குத் தவணை நினைவூட்டல் போக வேண்டும். அதற்கான வரியை நேர அட்டவணைக் கோப்பின் கடைசியில் சேர்க்கும்படி என் ஸ்கிரிப்டில் எழுதியிருந்தேன். முதல் இரண்டு முறை வரியைச் சேர்த்த பிறகு இணைப்பு அறுந்து ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. மூன்றாம் முறை முழுதாக ஓடியது. கோப்பில் அதே வரி மூன்று. மறுநாள் காலை ஒவ்வொருவருக்கும் மூன்று நினைவூட்டல். கடன் வாங்கியவரிடம் விடியற்காலையில் மூன்று முறை கேட்டால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

நம் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறுகிறவரிடம் "இலையில் உப்பு வை" என்று மூன்று பேர் சொன்னால் மூன்று முறை உப்பு விழும். "ஒவ்வோர் இலையிலும் உப்பு இருக்க வேண்டும்" என்று சொன்னால், அவர் பார்ப்பார். இல்லாத இலையில் மட்டும் வைப்பார். பத்துப் பேர் சொன்னாலும் ஓர் இலைக்கு ஒரு சிட்டிகைதான். நல்ல ஸ்கிரிப்ட் இரண்டாவது விதம். வரி இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் சேர். 2005இல் வந்த பப்பெட், 2012இல் வந்த ஆன்சிபிள், 2014இல் வந்த டெராஃபார்ம் ஆகிய கருவிகள் எல்லாம் இந்த எண்ணத்தில் எழுந்தவையே. சர்வர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கிறோம். குறைகிறதை அவை செய்கின்றன. எதை வாங்குவது, எதைக் கற்பது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எதுவானாலும் சரி, முதலில் இந்த உப்புக் கணக்கு புரியட்டும்.

இன்னொரு ஆபத்து. ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது சர்வரில் நேரடியாகத் தட்டும் கட்டளைகளால் ஆன ஸ்கிரிப்ட், நாம் தடுக்காவிட்டால், ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். 'பழைய கோப்புகள் உள்ள அடைவுக்கு (ஃபோல்டருக்கு) போ' என்பது முதல் வரி; 'இங்கே உள்ளதையெல்லாம் அழி' என்பது இரண்டாவது. அந்த அடைவே இல்லையென்றால்? நின்ற இடத்திலேயே அழித்துவிடும். பிழை வந்தால் அங்கேயே நில் என்று ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கையால் செய்தால் ஒரு சர்வரைக் கெடுப்போம், ஸ்கிரிப்ட் நாற்பதையும் ஒரே நிமிடத்தில் கெடுக்கும். ஆகவே முதலில் ஒன்றில் ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதுகிறவர்களும் உண்டு. இரும்புப் பெட்டிச் சாவியைப் பேரேட்டில் ஒட்டிவைப்பது போல.

எனக்கு மிகவும் தொந்தரவு தருவது கைமாற்று. கடனைச் சொல்லவில்லை, சர்வரில் கையால் செய்யும் மாற்றத்தைச் சொல்கிறேன். நள்ளிரவில் ஏதோ நின்றுவிடும். தூக்கக் கலக்கத்தில் நேரே சர்வருக்குள் போய் ஓர் எண்ணை மாற்றிச் சரிசெய்துவிட்டுப் படுத்துவிடுவோம். காலையில் ஏட்டில் எழுத மறந்துபோகும். சர்வர் ஒன்று சொல்லும், ஸ்கிரிப்ட் வேறொன்று சொல்லும். ஆத்தங்குடிக் கற்களில் ஒன்றுக்கொன்று சாயல் மாறினால் தரைக்கு அழகு. சர்வர்களில் அப்படி மாறினால், ஒன்றில் ஓடுவது மற்றதில் ஏன் ஓடவில்லை என்று இரவெல்லாம் தேட வேண்டியதுதான்.

போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் சர்வர் ஒன்று செத்துப்போனது. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமான பெண் ஸ்கிரிப்டை ஓட்டி, புதிய சர்வர் ஒன்றை அடியிலிருந்து எழுப்பிவிட்டாள். நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது தொலைபேசியில் கூப்பிட்டாள். எல்லாம் நடக்கிறது, தரவுத்தளத்துக்கு மட்டும் இணைப்புக் கிடைக்கவில்லை, இணைப்பு நுழைய வேண்டிய வாசல் எண் (போர்ட்) பொருந்தவில்லை என்றாள். யாரோ கையால் மாற்றிவிட்டு எழுதாமல் போயிருக்கிறார்கள் ஐயா என்றும் சொன்னாள்.

எண் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.