‘25’: இளவரசர் ஹாரி எழுதிய ஒரு எண்ணும், பலர் கவனிக்காத அடுத்த வரிகளும்

(திரையில் கறுப்புப் பின்னணி. நடுவில் வெள்ளை எழுத்தில் 25.)

25. ஆப்கானிஸ்தான் போரில் தான் கொன்றவர்கள் இத்தனை பேர் என்று ஒருவர் தன் புத்தகத்தில் எழுதிய எண் இது. இதைப் படித்துவிட்டு தலிபான் தலைவர் ஒருவர் கொதித்தார். அதே தலிபானோடு சண்டை போட்ட பிரிட்டிஷ் ராணுவத்தின் முன்னாள் அதிகாரிகளும் கொதித்தார்கள். போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு தரப்பும் ஒரே வாரத்தில் ஒரே ஆளைக் கண்டித்தது. அந்த ஆள் பிரிட்டிஷ் மன்னரின் இளைய மகன், இளவரசர் ஹாரி.

வணக்கம் நண்பர்களே. அரண்மனை வம்பு, அண்ணன் தம்பிச் சண்டை, மனைவி மேகன் கதை எதுவும் இந்த வீடியோவில் வராது. அதற்கெல்லாம் யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. இன்றைக்கு அவருடைய பத்து வருட ராணுவ வாழ்க்கையையும், அதைப் பற்றி அவர் எழுதியதையும், அதற்கு உலகம் கொடுத்த பதிலையும் மட்டும் பார்ப்போம். கடைசிவரை இருங்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே சில வரிகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துக் காட்டத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

முதலில் புத்தகத்தின் பெயர். 2023 ஜனவரி 10 அன்று வெளியானது, பெயர் ‘ஸ்பேர்’. மூத்த மகன் வாரிசு, இளைய மகன் ஸ்பேர் என்பது பிரிட்டிஷ் மேல்தட்டுக் குடும்பங்களில் பழைய பேச்சு. அண்ணனுக்கு ஏதாவது ஆனால் மாற்றாக இருக்கத்தான் தான் பிறந்ததாக ஹாரி எழுதுகிறார். சிறுநீரகம் வேண்டுமா, ரத்தம் வேண்டுமா, எலும்பு மஜ்ஜை வேண்டுமா, தம்பி இருக்கிறான்.

நாம் இதை எப்படிச் சொல்வோம்? ஸ்டெப்னி! கார் டிக்கியில் கிடக்கிற மாற்று டயர். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி என்று ஒரு தெரு. 1904 வாக்கில் அந்தத் தெருவில்தான் டேவிஸ் சகோதரர்கள் காருக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துக் கார்களில் ஸ்பேர் டயரே கிடையாது, பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்து, சக்கரத்தோடு கப்பலேறி, நம் ஊர் பஞ்சர் கடை வரை வந்து சேர்ந்துவிட்டது. ஹாரியின் அப்பா சார்ல்ஸ் 64 வருடம் ‘வேல்ஸ் இளவரசர்’ என்ற பட்டத்தில் இருந்தவர். ஆக, வேல்ஸ் இளவரசரின் இரண்டாவது மகன் தன் புத்தகத்துக்கு வைத்த பெயரை நாம் வேல்ஸ் ஊர் வார்த்தையிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2005-ல் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ அகாடமி, 2006-ல் ‘புளூஸ் அண்ட் ராயல்ஸ்’ படைப்பிரிவில் அதிகாரி. 2007-ல் அவருடைய பிரிவு ஈராக் போகத் தயாரானது. ஹாரியும் போவார் என்று அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து ராணுவத் தளபதி ஜெனரல் டானட், போகமாட்டார் என்றார். ஹாரியைக் குறிவைத்தே மிரட்டல்கள் இருப்பதாகவும், அவரோடு நிற்கிற வீரர்களுக்கும் அது ஆபத்து என்றும் காரணம் சொன்னார்.

இந்த இடத்தில் நூறு வருடம் பின்னால் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

(திரையில் 1914-ன் கறுப்பு வெள்ளைப் படங்கள்.)

1914. முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. அன்றைய பட்டத்து இளவரசர் எட்வர்டுக்கு வயது 20. ஹாரியின் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன் அவர். கிரெனடியர் கார்ட்ஸ் படையில் சேர்ந்தார். பிரான்சுக்குக் கிளம்பிய படை அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. பையன் நேராகப் போர் அமைச்சர் கிச்சனரிடம் போய் நின்றான். ‘நான் செத்தால் என்ன? எனக்கு நான்கு தம்பிகள் இருக்கிறார்களே’ என்று கேட்டான். யோசித்துப் பாருங்கள், ஸ்பேர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், என்னை அனுப்புங்கள் என்று வாரிசே வந்து கேட்கிறார்! கிச்சனரின் பதில் இன்னும் அருமை. நீங்கள் சுடப்பட்டுச் சாவீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்கூட உங்களைத் தடுப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எதிரி உங்களை உயிரோடு பிடித்துவிட்டால்? அதற்குத்தான் என்னால் சம்மதிக்க முடியாது என்றார்.

ஒரு இளவரசர் செத்தால் அது துக்கம், சிக்கினால் அது எதிரி கையில் கிடைத்த துருப்புச்சீட்டு. 1914-ல் இருந்த அதே கணக்கு 2007-லும் அப்படியே இருந்தது.

எட்வர்டு பிறகு பிரான்ஸ் போனார், தலைமையக வேலைக்கு. 1915-ல் ஒரு நாள் காரை நிறுத்திவிட்டு முன்களத்தைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய டிரைவர் குண்டு பட்டு இறந்துகிடந்தார். பக்கத்தில் இருந்தவருக்கு ஆபத்து என்று டானட் பின்னாளில் சொன்ன அதே விஷயம். அப்புறம் இந்த எட்வர்டு என்ன ஆனார்? 1936-ல் விவாகரத்தான அமெரிக்கப் பெண்ணுக்காக அரியணையை விட்டார், வெளிநாட்டில் வாழ்ந்தார், 1951-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். ஹாரியும் ஏற்கெனவே விவாகரத்தான அமெரிக்கப் பெண்ணைத்தான் மணந்தார். அமெரிக்காவில் வாழ்கிறார். புத்தகம் எழுதினார். இவ்வளவு ஒற்றுமையை ஒரு கதாசிரியர் எழுதினால் நாம் நம்பவே மாட்டோம்.

சரி. 2007 டிசம்பரில் ஹாரியை ரகசியமாக ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் ஊடகங்கள் எழுதாமல் இருக்க ஒப்புக்கொண்டன. ஹெல்மண்ட் மாகாணம், கர்ம்சீர். அங்கே அவர் இருந்த முகாமின் பெயர் டெல்லி! கூட இருந்தவர்கள் கூர்க்கா வீரர்கள். போர் விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்துவது அவர் வேலை. ‘விடோ சிக்ஸ் செவன்’ என்ற ரேடியோ பெயருக்குப் பின்னால் இருப்பது இளவரசர் என்று விமானிகளுக்கே தெரியாது. பத்து வாரம் ஓடியது. ஒரு ஆஸ்திரேலியப் பத்திரிகை ஜனவரியிலேயே எழுதியும் யாரும் கவனிக்கவில்லை. பிப்ரவரி 28 அன்று அமெரிக்க இணையதளமான டிரட்ஜ் ரிப்போர்ட் போட்டு உடைத்தது. மறுநாளே அவரைக் கிளப்பிவிட்டார்கள்.

அப்புறம் அபாச்சி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த 25 என்ற எண் இங்கேதான் பிறக்கிறது.

அபாச்சி ஹெலிகாப்டரில் இரண்டு இருக்கை, ஒன்றின் பின்னால் ஒன்று. முன்னால் ஆயுதங்களை இயக்குபவர், பின்னால் விமானி. ஹாரி இருந்தது முன் இருக்கையில். ஹெல்மெட்டில் வலது கண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி. உயரம், வேகம், இலக்கு எல்லாம் அந்த ஒற்றைக் கண்ணுக்கு முன்னால் ஓடும். இடது கண் வெளியே நிஜ உலகத்தைப் பார்க்கும். இரண்டு கண்ணும் இரண்டு வெவ்வேறு காட்சியைப் பார்க்கப் பழக வேண்டும். கீழே இருக்கிற 30 மில்லிமீட்டர் பீரங்கியை அந்த ஹெல்மெட்டோடு இணைக்கலாம். தலையைத் திருப்பினால் துப்பாக்கிக்குழலும் அதே பக்கம் திரும்பும்!

நடக்கிறது அத்தனையும் வீடியோவில் பதிவாகும். திரும்பி வந்ததும் போட்டுப் பார்ப்பார்கள். காலாட்படை வீரன் புதருக்குள் சுடுகிறான், யார் குண்டு யார்மேல் பட்டது என்று அவனுக்குத் தெரியாது. முன்னிருக்கையில் இருப்பவருக்கோ பதிவு கையில் இருக்கிறது. அபாச்சியும் லேப்டாப்பும் இருக்கிற காலத்தில் எத்தனை பேரைக் கொன்றேன் என்று தன்னால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது என்று ஹாரியே எழுதுகிறார். அபாச்சியோடு போன இந்த இரண்டாவது ஆப்கானிஸ்தான் பயணம் 2012 செப்டம்பரிலிருந்து 2013 ஜனவரி வரை, சுமார் 20 வாரம். அது முடிந்ததும் கொடுத்த பேட்டியில், பிளேஸ்டேஷன் விளையாடிப் பழகிய கட்டைவிரல் இந்த வேலைக்கு உதவுகிறது என்பது போலச் சொல்லி, அப்போதே வாங்கிக் கட்டிக்கொண்டார். 2015-ல் கேப்டனாக ஓய்வு.

இப்போது புத்தகம். ஜனவரி 10-ல் வர வேண்டியது, ஸ்பெயினில் சில கடைகள் ஐந்து நாள் முன்னாலேயே அலமாரியில் வைத்துவிட்டன. செய்தியாளர்கள் ஸ்பானியப் பிரதியை வாங்கினார்கள், அவசர அவசரமாக மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். அதாவது ஆங்கிலத்தில் எழுதியது ஸ்பானியம் போய், திரும்பவும் ஆங்கிலமாகி, அந்த மாதிரி வரிகளை வைத்துத்தான் முதல் சில நாள் சண்டையில் பெரும்பகுதி நடந்தது. பக்கத்து வரிகள் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும்?

முதலில் வந்தவர் தலிபான் தலைவர்களில் ஒருவரான அனஸ் ஹக்கானி. நீங்கள் கொன்றவர்கள் சதுரங்கக் காய்கள் அல்ல, மனிதர்கள், அவர்களுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன என்று ட்விட்டரில் எழுதினார். பிறகு அல் ஜசீராவிடம், அந்த நாட்களில் ஹெல்மண்டில் தங்கள் ஆட்கள் யாரும் சாகவில்லை, ஆகவே செத்தது பொதுமக்கள்தான் என்றார். மனிதர்கள் என்ற அந்த வாக்கியம் உண்மை. ஆனால் சொல்வது யார்? காபூலில் தற்கொலைத் தாக்குதல்களுக்குப் பேர்போன ஹக்கானி அமைப்பின் குடும்பம். ஐ.நா. கணக்குப்படி பல வருடங்களில் ஆப்கன் பொதுமக்கள் உயிரிழப்பில் பெரும்பங்கு தலிபானும் மற்ற ஆயுதக் குழுக்களும் செய்தது. இந்த வருத்தத்தை அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹெல்மண்டில் கல்லூரி மாணவர்கள் சிலர் ஹாரி படத்தில் குறுக்குக் கோடு போட்டு ஊர்வலம் போனார்களே, அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

பிரிட்டனில் கர்னல் டிம் காலின்ஸ், ராணுவத்தில் யாரும் இப்படி நடந்துகொள்வதில்லை என்றார். எதிரியை மனிதனாகவே பார்க்காதபடி ராணுவம் பயிற்சி தருகிறது என்ற தோற்றம் தவறு, அது எதிரிக்குப் பிரசாரமாகும் என்றார் கர்னல் ரிச்சர்ட் கெம்ப். பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ், அவரும் முன்னாள் ராணுவ அதிகாரிதான், போர் என்பது ஒரு அணியின் வேலை, தனி ஆள் எண்ணிக்கை சொல்வது அதைத் திரித்துவிடும் என்றார். இது நியாயமான வாதம். அபாச்சிக்கு எரிபொருள் நிரப்பியவர், குண்டு ஏற்றியவர், இலக்கைச் சொன்னவர் எல்லோரும் சேர்ந்ததுதானே அந்த 25.

இப்போது நான் சொன்ன அந்த வரிகள். தமிழில் என் வார்த்தையில் சொல்கிறேன். அந்த எண் எனக்குத் திருப்தி தரவில்லை, வெட்கமும் தரவில்லை என்கிறார். சண்டையின் சூட்டில் அவர்களை மனிதர்களாக நினைக்கவில்லை, பலகையிலிருந்து எடுக்கப்பட்ட சதுரங்கக் காய்கள் என்கிறார். பல தலைப்புச் செய்திகள் இங்கே நின்றுவிட்டன. ஹாரி நிற்கவில்லை. மனிதர்களாகப் பார்த்தால் அவர்களுக்குத் தீங்கு செய்ய முடியாது. அவர்களை ‘வேறு யாரோ’ என்று பார்க்க எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள், நன்றாகவே கொடுத்தார்கள். இப்படிக் கற்றுக்கொண்ட விலகல் ஒரு பிரச்சினை என்று எனக்குள் எங்கோ தெரிந்திருந்தது, ஆனாலும் அது சிப்பாய் வேலையில் தவிர்க்க முடியாத பகுதி என்றே நினைத்தேன் என்று தொடர்கிறார்.

இதில் பெருமை எங்கே இருக்கிறது? என்னைப் பொறுத்தவரை ராணுவத்தைப் பற்றி அந்தப் புத்தகம் சொல்கிற மிக நேர்மையான வரிகள் இவை. நம் மொழியில் சதுரங்கக் காயை ‘எடுப்பதில்லை’, ‘வெட்டுகிறோம்’. விளையாட்டுக்கும் கொலைக்கும் நமக்கு ஒரே வினைச்சொல். அதனால்தானோ என்னவோ அந்த உவமை எனக்கு உடனே உறைத்தது. பயிற்சி அப்படி இல்லை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள், அப்படித்தான் என்று பயிற்சி வாங்கியவர் சொல்கிறார். விவாதம் நடந்திருக்க வேண்டியது இங்கே. நடந்ததோ 25 பெரிய எண்ணா, சின்ன எண்ணா என்று.

எங்கள் பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர், 1971 போரைப் பார்த்தவர். பத்து வயதில் நான் கேட்டிருக்கிறேன்: ‘பெரியப்பா, எத்தனை பேரைச் சுட்டீங்க?’ அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். பெரியம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். காலின்ஸ் சொன்னது அந்த மௌனத்தைத்தான், அதன் மரியாதை எனக்குத் தெரியும். ஆனால் பெரியப்பா ராத்திரியில் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததும் எனக்குத் தெரியும். அவர் எங்களிடம் ஏதாவது பேசியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

புத்தகம் வந்த வாரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஸ்டீபன் கோல்பேர் நிகழ்ச்சியில் ஹாரி இதற்குப் பதில் சொன்னார். நான் பெருமையடித்தேன் என்பது ஆபத்தான பொய், முன்னாள் வீரர்களின் தற்கொலைகள் குறைய வேண்டும் என்பதற்காகத்தான் வெளிப்படையாகப் பேசினேன் என்றார்.

அதை நான் ஏன் நம்புகிறேன் என்றால், 2008-ல் அவர் திரும்பி வந்த அந்த விமானம். டென்மார்க் வீரர் ஒருவரின் சவப்பெட்டியை ஏற்றுவதற்காக அது காத்திருந்தது. உள்ளே படுகாயத்தோடு மூன்று பிரிட்டிஷ் வீரர்கள், மூவருக்கும் நினைவில்லை. அதில் ஒருவர் கையில் ஒரு சோதனைக் குழாய். அதற்குள் அவர் உடம்பிலிருந்து எடுத்த குண்டுச் சிதறல்கள். இதை ஹாரி பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2014-ல் லண்டனில் காயமடைந்த வீரர்களுக்கான இன்விக்டஸ் விளையாட்டுப் போட்டியை அவர் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் காட்சி.

வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ராணுவத்தினர் இருக்கிற ஊர்கள் இருக்கின்றன, இதைப் பார்க்கிற உங்களில் பலர் வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் பேசினார்களா, பேசாமலே போனார்களா? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன். அடுத்த வீடியோ 1982 ஃபாக்லாந்து போர்: எக்ஸோசெட் ஏவுகணையைத் திசைதிருப்ப ஹெலிகாப்டரோடு இரையாக நின்ற இன்னொரு ஸ்பேர், ஹாரியின் சித்தப்பா ஆண்ட்ரூ.